நீ புல்லைப் பற்றி மட்டும் கேட்டிருந்தாய்

என் மகன் சவரிமுத்துக்கு உன் ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவது வழக்கம். மாதாகோயில் உபதேசியார் மகளாகப் பிறந்ததால் நாலு எழுத்துப் படித்து, ஊரில் பாதிப் பேருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தவள் நான். யார் யாருக்காகவோ அந்த வரியை எழுதியிருக்கிறேன். இன்று எனக்காக எழுத உட்கார்ந்தால் அது வரவில்லை. நீயும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

போன வாரம் மீரான் ராவுத்தர் மதுரையிலிருந்து வெறும் வண்டியோடு ஊர் திரும்புகிற வழியில் நம் தெருமுனையில் மாட்டை நிறுத்திவிட்டு வந்தார். நான் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டி சூசையம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் இப்போதெல்லாம் அங்கேதான் நிற்கிறாள். ராவுத்தர் நின்றபடியே நீ சொல்லியனுப்பியதைச் சொன்னார்.

“ஆத்தா, ஒங்க மகன் நல்லா இருக்கான். அவன் வேலை பாக்குற பங்களாவுல புல்லுத்தரை கெட்டிப்பட்டுப் போச்சாம். தண்ணி ஊத்துனா உள்ள எறங்காம ஓடிருதாம். அங்கனங்கன பழுத்துப்போய்க் கெடக்காம். ஐயா அந்தக் காலத்துல கம்பத்து பங்களாவுல என்ன செஞ்சாகன்னு கேட்டு வரச் சொன்னான்.”

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார். மரத்தில் கடைந்து சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசியது. “இது நான் வாங்குனது. பேரன் எங்க? தவழுறானாமே! தவழ்ந்து வாசப்படி வரைக்கும் வந்துர்றான், பிடிக்கத் தனியா ஒரு ஆளு வேணும்னு ஒங்க மகன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான்” என்றார்.

என் கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. நான் வாய் திறப்பதற்கு முன் சூசையம்மா படியிறங்கி வந்தாள். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். “தொட்டில்ல கெடக்கான் மாமா. முழிச்சதும் குடுக்குறேன்” என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. உள்ளே போய்விட்டாள். தை மாதத்திலேயே அவிழ்த்து மடித்து வைத்த தொட்டில். ராவுத்தர் மோர் குடித்துவிட்டு, பிள்ளையைப் பார்க்க முடியவில்லையே என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த நல்ல மனிதரிடம் நானும் உள்ளதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னால் எழுதுகிறேன். நீ கேட்டது புல்லைப் பற்றி. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நீ அப்போது வருசநாட்டில் மாமன் வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டு வளர்ந்தவன். கம்பத்துப் பங்களாவைப் பண்டிகைக்கு வரும்போது பார்த்திருப்பாய். மலைமேல் பெரியாற்றில் அணை கட்டத் தொடங்கிய காலம் அது. மலைக்கு ஏறுகிற வண்டிகளையும் சரக்கையும் பார்த்துக்கொள்ள ஒரு துரை வந்து, ஊருக்கு வெளியே ரோட்டோரம் பங்களா எடுத்துத் தங்கினார். அவருடைய துரைசானிக்கு வாசலில் புல்தரை வேண்டும். உன் ஐயா தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். களை எடுக்க நானும் போனேன். சீமையிலிருந்து கொண்டுவந்த விதையை அந்த அம்மாள் முதலில் தூவிப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று முளைத்து, பங்குனி வெயிலில் ஒரே வாரத்தில் கருகிப் போனது. பிறகு உன் ஐயா வயல் வரப்புகளில் இருந்த அருகம்புல்லைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஆற்றோரத்து வயல்களுக்குக் கூடையோடு போய்க் கேட்டபோது வயல்காரச் சம்சாரி ஒருவர் சிரித்தார். “நான் இந்தச் சனியன வெட்டி எறிய ஆளு தேடுறேன். தொரைமாரு இதப் போயி நடவு போடுறாகளா? வேண்டிய மட்டும் அள்ளிட்டுப் போங்க” என்றார். கணுக்கணுவாக அறுத்து, கொத்திவிட்ட மண்ணில் நாற்று நடுவதுபோல் வரிசையாக நட்டோம். வெயில் ஏற ஏற அந்தப் புல் கொண்டாட்டமாக ஓடியது. அந்த ஆடி முடிவதற்குள் மண் தெரியாமல் மூடிவிட்டது.

உன் தரைக்கு வந்த கேடு அந்தத் தரைக்கும் வந்தது. நாலு பேர் உட்கார நாற்காலி போட்டார்கள், பந்தாடினார்கள், தரை சமமாக இருக்க வேண்டுமென்று கல் உருளையை இழுத்தார்கள். இரண்டு வருசத்தில் மண் களத்துமேடு மாதிரி இறுகிவிட்டது. ஊற்றின தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடியது. புல் பழுத்தது. உன் ஐயா எருவாக அள்ளிக் கொட்டினார். எரு மேலேயே காய்ந்து கிடந்தது. அதற்கு வைத்தியம் காட்டியது துரைசானிதான். அவளுடைய தகப்பனார் ஊரில் அப்படிச் செய்வார்களாம். நாலு பல் வைத்த ஓர் இரும்புக் கவையை எடுத்து வந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் காலால் மிதித்து மண்ணில் இறக்கி, முன்னும் பின்னும் லேசாக அசைத்து உருவினாள். புல் பெயரவில்லை, மண்ணில் நாலு துளை மட்டும் விழுந்தது. “மண் மூச்சு விடணும்” என்று அவளுடைய தமிழில் சொன்னாள்.

ஆனால் நாங்கள் அதை முதல் தடவை தப்பாகத்தான் செய்தோம். காய்ந்த கோடையில், ஈரமில்லாத மண்ணில் செய்தோம். கவை இறங்கவில்லை. உன் ஐயா முரட்டுத்தனமாகக் கடப்பாரையால் குத்தினார். துளை வழியாக வெயில் இறங்கி வேரையும் சுட்டுவிட்டது. நீ அப்படிச் செய்யாதே. கோடை மழை ஒன்று விழட்டும். விழாவிட்டால் முதல் நாள் சாயங்காலம் நன்றாக நனைத்துவிடு. மறுநாள் காலை ஒரு குச்சியைக் குத்திப் பார். குச்சி உள்ளே போனால் கவையும் போகும். சாண் இடைவெளி விட்டு நேராக இறக்கு. மண்ணைப் புரட்டாதே, அசைத்து உருவினால் போதும். பின்பக்கமாக நடந்துகொண்டே போ, குத்தின இடத்தை நீயே மிதிக்கக் கூடாது. படியிலிருந்து நாற்காலி போடும் இடம்வரை ஆள் நடந்து தடமாகியிருக்கும், அங்கே மட்டும் நெருக்கமாகக் குத்து. பிறகு ஆற்று மணலைச் சலித்து, மக்கிப் பொடியான சாணி எருவோடு கலந்து தூவி, விளக்குமாற்றால் துளைக்குள் விழும்படி கூட்டிவிடு. பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடு. புதுத் துளிர் வரும்வரை யாரையும் அதன்மேல் நடக்கவிடாதே, அரிவாளும் வைக்காதே. துரை அவசரப்பட்டால் பணிவாகச் சொல்லிப் பார். கொஞ்ச நாள் கழித்து ஒரு துளையோரம் புல்லைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் வெள்ளை வேர் கீழே இறங்கியிருக்கும்.

இன்னும் சில விசயங்கள். கோரை முளைத்தால் இலையைக் கிள்ளாதே, கிழங்கோடு தோண்டி எடு. புளியமரத்து நிழலில் அருகு வராது, அங்கே அதோடு மல்லுக்கட்டாமல் மணலைக் கொட்டி விட்டுவிடு. வெட்டும்போது அடியில் இருக்கிற பழுப்பு தெரிய ஒட்ட வெட்டாதே. மார்கழி தையில் தரை முழுக்க வைக்கோல் நிறமாகும். இது வெயில் காலத்துப் புல், குளிரில் அடங்கிவிடும். அப்போது பயந்துபோய்த் தண்ணீரையும் எருவையும் கொட்டினால் அழுகும். குத்தவும் கூடாது. சும்மா விடவேண்டும். அந்த வைக்கோல் நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது உன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நீ அவளைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. நாங்களும் உனக்குச் சொன்னதில்லை.

அன்னம்மாளை நான் வேலைக்குக் கூட்டிப் போவேன். அவளுக்கு அப்போது பால்பல் விழத் தொடங்கியிருந்த வயது. நான் களை எடுக்கிற பக்கத்திலேயே உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட கோரைக் கிழங்குகளைப் பொறுக்கிக் கூறு கட்டி வைத்து, வாங்குவாரில்லாத சந்தை நடத்துவாள். துரைசானிக்குப் பிள்ளையில்லை. அவள் வந்து குனிந்து ஒரு கூறு வாங்குவாள். “என்ன விலை?” என்று கேட்பாள். அன்னம் ஏதாவது ஒரு விலை சொல்வாள். அந்த அம்மாள் “ரொம்ப ஜாஸ்தி” என்று கோபித்துக்கொள்வாள். தினமும் இதே பேரம்தான். உன் ஐயா தலையை நிமிர்த்தாமல் வேலை செய்தபடியே அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். அவர் சிரிப்பதை நான் பார்த்ததெல்லாம் அந்தப் புல்தரையில்தான்.

அப்படியிருந்த ஒரு வருசம் ஐப்பசி மழை விட்டதும் பள்ளத்தாக்கில் காய்ச்சல் பரவியது. மலையில் வேலை செய்தவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். துரையும் துரைசானியும் பங்களாவைப் பூட்டிக்கொண்டு மலைவாசத்துக்குப் போனார்கள். போகும்போது தரையை உன் ஐயா பொறுப்பில் விட்டுப் போனார்கள். உன்னை வருசநாட்டிலேயே இருக்கச் சொல்லி ஆள் அனுப்பினோம். அன்னத்தையும் அங்கே அனுப்பியிருக்கலாம். பெண்பிள்ளை என் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. விட்டபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மூன்றாம் முறை வந்தது விடவில்லை. பங்குச் சாமியாரும் ஊரில் இல்லாததால் உபதேசியாரான உன் தாத்தாதான் செபம் சொல்லி அடக்கம் செய்தார். உன் ஐயா குழிக்குள் ஒரு கை மண் போட்டார். அன்று மத்தியானமே பூவாளியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

நான் வீட்டில் கிடந்தேன். அவர் விடிந்ததும் போவார், பொழுது சாயத்தான் வருவார். வந்ததும் புல்லைப் பற்றிச் சொல்வார். வடகிழக்கு மூலையில் கரையான் ஏறியிருக்கிறது என்பார். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். பிள்ளையின் பாயை ஒருநாள் நான் வெயிலில் போட்டபோது அதைத் தாண்டிக்கொண்டு போனாரே தவிர, ஒரு சொல் சொல்லவில்லை. இந்த மனிதனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன். அதை நினைத்துக்கொண்டேதான் அவருக்குச் சோறு போட்டேன்.

மாசியில் துரைசானி திரும்பி வந்தாள். நானும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். தரை அந்தத் தடவை ஒரு பச்சைகூட இல்லாமல் வைக்கோலாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. “புல் செத்துப் போச்சா?” என்று கேட்டாள்.

“சாகலைங்கம்மா. குளிருக்கு ஒறங்குது. கோடை மழைக்கு முழிச்சிரும்” என்றார் உன் ஐயா.

அவள் சுற்றிலும் பார்த்தாள். “அன்னம் எங்கே? கடை இல்லையா?”

நான் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தேன். உன் ஐயா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “வருசநாட்டுக்குப் போயிருக்காம்மா. அவ மாமன் வீட்டுல இருக்கா” என்றார். “அங்கன மாட்டுக்கன்னு கூட வெளையாடிட்டு வரவே மாட்டேங்கிறா.”

ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார், பிறகு திருத்திக்கொள்வார் என்று இருந்தேன். அவர் திருத்தவில்லை. அந்த அம்மாள் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை கேட்பாள். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சொல்வார். முன்பல் முளைத்துவிட்டது என்பார். மாமன் பாவாடை எடுத்துக் கொடுத்திருக்கிறான் என்பார். நீந்தப் பழகுகிறாள் என்று ஒருநாள் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்து போகும். நான் தலையைக் குனிந்து களை பிடுங்குவேன். என் பிள்ளையை வைத்து இவர் கதை கட்டுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டில் ஒரு நாளும் சொல்லாத பெயரை அங்கே அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

சித்திரையில் நல்ல மழை ஒன்று விழுந்தது. மறுநாள் காலை உன் ஐயா கவையை எடுத்துத் தரையைக் குத்தத் தொடங்கினார். நான் பின்னாலேயே மணலைத் தூவிக் கூட்டிக்கொண்டு வந்தேன். துரைசானி உள்ளிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். மலையில் இருந்தபோது அவளே தைத்தது. “அன்னம் வர நாள் ஆகும். வளர்ந்திடும். யார் கையிலாவது அனுப்பு” என்றாள். சின்னச் சின்னத் தையல். கழுத்தோரம் நீல நூலில் பூ. அதை வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“அம்மா, அன்னம் செத்துப்போச்சு” என்றேன். “கார்த்திகையில காய்ச்சல்ல போச்சு. இவுக சொல்றதெல்லாம் பொய்யி.”

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. உன் ஐயாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே நனைந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் ஐயா கவையை நிறுத்தவில்லை. மிதித்து, அசைத்து, உருவி, ஓர் எட்டுப் பின்னால் வைத்து, மறுபடியும் மிதித்தார். அந்த வரிசை முடியும்வரை நிமிரவே இல்லை.

மத்தியானம் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். அவர் வாங்கிக் கீழே வைத்தார். கவையின் பல்லில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். “ஏன் புள்ள சொன்ன?”

“நீங்க ஏன் பொய் சொன்னீக? பெத்த பிள்ளைய வச்சு யாராவது இப்பிடிப் பேசுவாகளா?”

“அந்தம்மா கேக்கையில மட்டுந்தான் அவ உசுரோட இருந்தா” என்றார். “ஊருல எல்லாருக்கும் தெரியும். வீட்டுல ஒனக்குத் தெரியும். அந்தம்மா ஒருத்திக்குத்தான் தெரியாது. அவுக கேட்டாகன்னா எனக்கு அவ வருசநாட்டுல ஓடிட்டு இருக்கது கண்ணுக்குத் தெரியும். அதையும் போக்கிட்ட.”

மகனே, நான் சொன்னது மெய். மெய்யைச் சொல்லக் கூடாதென்று என்னை யாரும் வளர்க்கவில்லை. ஆனாலும் அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அப்படியே வடிந்துபோய், அந்த இடத்தில் வேறொன்றும் வந்து நிறையவில்லை. அப்போதாவது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு எந்தப் பல் முளைத்தது, எந்தக் குளத்தில் நீந்தினாள், எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவரும், நீ இத்தனை நாள் வீட்டில் தனியாக என்ன செய்தாய் என்று கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் கேட்கவில்லை. கஞ்சி ஆறிப்போயிற்று. கலயத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மஞ்சள் கவுனைத் துரைசானி திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். அது இன்னும் நம் மரப்பெட்டியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் அவள் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குள் சண்டை இல்லை. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தரையில் வேலை செய்தோம். நான் சமைத்ததை அவர் சாப்பிட்டார். திருநாளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். கல்லறைத் திருநாளன்று ஊரெல்லாம் மெழுகுதிரியோடு போகும்போது அவர் மட்டும் வாய்க்காலில் மண்ணடைத்துவிட்டது என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் போனேன். துரைசானி ஊரை விட்டுப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரிடம் தரையைப் பற்றி மட்டும் பேசினாள். அவளுக்கும் வேறு எதைப் பேசுவது என்று தெரிந்திருக்காது.

அவருடைய கடைசி நாட்களில் நீ வந்து சேர்வதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். அதே காய்ச்சல்தான் அவருக்கும். வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம், நான் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, “ஏ அன்னம், ஓடாத. தரை நனைஞ்சிருக்கு, வழுக்கும்” என்றார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு வந்த பெயர். எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. “சரிங்கய்யா” என்று நானே சொன்னேன். “இங்கன வந்து ஒக்காரு” என்றார். “ஒக்காந்துட்டேன்யா” என்றேன். அவர் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அன்றைக்கு ஒரு பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இப்போது தெரிந்திருக்கும், ராவுத்தரிடம் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று. ஒரு தடவை சொன்னவள் நான். நீ சொன்ன பொய்யைக் குற்றம் என்று நான் எழுதவில்லை. உன் பிள்ளை சாகும்போது நீ இங்கே இல்லை. ஆள் வந்து தாக்கல் சொல்லி நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வந்தாய், ஒரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய், துரை லீவு தரவில்லை என்று மறுநாள் விடியுமுன்னே போய்விட்டாய். உன் பெண்டாட்டியிடம் நீ என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நானும் நினைத்தவள்.

ஆனால் சவரி, நீ மதுரையில் அவனைத் தவழவிட்டாய். அவள் இங்கே அவனைத் தொட்டிலில் கிடத்தினாள். ஒரே மனிதரிடம், ரோட்டின் இந்தக் கடைசியில் அவளும் அந்தக் கடைசியில் நீயும் சொல்லியிருக்கிறீர்கள். உன் ஐயாவுக்கும் எனக்கும் அது வாய்க்கவில்லை. அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறீர்கள், அது உங்களுக்குத் தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்கும் இப்போது அடிக்கடி மாரடைக்கிறது. படியேறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

நீ வர வேண்டும். வந்து அழ வேண்டும் என்று சொல்லவில்லை, அது உன்னால் முடியாவிட்டால் வேண்டாம். அவளைத் தேற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை. தேற்றுவதற்கு என்ன இருக்கிறது? அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மதுரையில் நீ அவனைப் பற்றி என்னென்ன சொன்னாயோ அதையெல்லாம் அவளிடம் சொல். அவள் கோபப்பட்டால் படட்டும், எழுந்து போனால் போகட்டும். திரும்பி வருவாள். நீ எழுந்து போய்விடாதே. துரை மறுத்தால் வேலையை விட்டுவிட்டு வா. புல்லுக்கு வேறு ஆள் கிடைக்கும். ராவுத்தர் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வண்டி பூட்டுவார், இதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். திரும்பி வருகிற வண்டியில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதைச் சூசையம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அன்னத்தைப் பற்றி வாசித்தபோது கை நின்றது. முடித்ததும் சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சரி, இவ்வளவுதான் என்று தாளை மடிக்கப் போனேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

“அத்தை, தாளுல இன்னும் எடம் இருக்கா?”

“இருக்குத்தா. என்ன எழுத?”

“கடைசி மாசம் கீழ் ஈறுல ரெண்டு பல்லு வந்திருந்துச்சு. அரிசி கணக்கா. அவுக அதப் பாக்கல. அத எழுதுங்க.”